நிற்பவர் அண்ணன்

கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் மூன்று பேர் தனித்தனிப் படமாகத் தொங்கினார்கள். கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா. மூன்று பேரும் ஒரே நாற்காலியில், உலகத்தில் உட்காரத் தெரிந்த பிறவி தாங்கள் மட்டும்தான் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பித்தளைத் தகடு. அதில் ‘மூத்தவர்’ என்று ஒரே சொல். அதற்கு மேல் இவர்கள் சாதித்தது என்ன என்று கேட்டால் தகட்டில் பொறிக்க வேறு ஒன்றும் கிடைக்காது என்பது ரெண்டாவது எப்போதோ கண்டுபிடித்துவிட்ட விஷயம்.

ரெண்டாவது என்றுதான் வீட்டில் அவளைக் கூப்பிட்டார்கள். நாற்பத்து நான்கு வயதாகிறது, கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் நடத்துகிறாள், ஆனாலும் இரண்டு பிள்ளைகளில் இரண்டாவது என்பதைத் தவிர அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணாடி வெட்டி, படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் அந்தக் கடையை இருபத்திரண்டு வருடமாக நடத்துவது அவள்தான். காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்குவாள். கம்பளம் விரித்த வெட்டுமேசையில் ஆளுயரக் கண்ணாடியைத் தனியாகச் சாய்த்துப் படுக்க வைப்பாள். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. ஒரு தட்டு. கண்ணாடி இரண்டாகப் பிரிந்து நிற்கும். இடது உள்ளங்கையில் மூன்று தையல் வடுக்கள். அவளுக்குக் கடை கொடுத்த பங்கு அதுவரை அவ்வளவுதான்.

ஏனென்றால் கடை மூத்த பிள்ளைக்கு. கீழே கடை, பின்னால் பட்டறை, மாடியில் வீடு, சுவரில் அடித்த ஆணி உட்பட எல்லாம் மூத்ததற்கு. மற்றவர்களுக்கு ஆயுள் உள்ளவரை ஓர் அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு. இது இந்தக் குடும்பத்தின் வழக்கம். அப்பாவுக்கு இந்த வழக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. படம் மாட்ட வந்த வாடிக்கையாளரைக்கூட விடமாட்டார்.

“கண்ணாடியைப் பங்கு போட முடியுமா? உடைக்கத்தான் முடியும்” என்பார். “ராஜாங்க எல்லாம் முட்டாளா? நாலு பிள்ளைக்கு நாட்டை நறுக்கிக் கொடுத்தா பேரன் காலத்துல ஆளுக்கு ஒரு வரப்புதான் மிஞ்சும். அதனாலதான் மூத்தவனுக்குப் பட்டம் கட்டினாங்க.”

பட்டம் கிடைக்காத மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று அவர் சொன்னதில்லை. அதைச் சொன்னது, பழைய தேசப்படம் ஒன்றுக்குச் சட்டம் போட வந்த சரித்திர வாத்தியார். பெரிய பெரிய நிலக்கிழார் வீடுகளில் நிலம் சிதறாமல் மூத்தவனுக்குப் போகும், அடுத்தவனைப் போருக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்கடுத்தவனைத் துறவியாக்கிவிடுவார்கள் என்றார். இன்னும் சில இடங்களில் எல்லாரும் வீட்டைவிட்டுப் போன பிறகு கடைசிவரை பெற்றோருடன் கிடப்பது கடைக்குட்டிதான் என்பதால், வீடு கடைக்குட்டிக்குப் போகுமாம். அவள் இதை அன்று மாலையே அப்பாவிடம் ஒப்பித்தாள்.

“கடைக்குட்டிக்கா?” அப்பா முகத்தைச் சுளித்தார். “அவங்க எல்லாம் குகையில இருந்தவங்களா இருக்கும்.”

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. மூத்தவன் வாழ்க்கையில் செய்த ஒரே காரியம் வரிசையில் முன்னால் நின்றது. அதுவும் அவனாக நிற்கவில்லை, அம்மா பெற்று நிறுத்தியது. இதற்குப் போய் ஒரு கடையா என்று அவளுக்குத் தோன்றும். தோன்றுவதை விழுங்கிக்கொண்டு கட்டரை எடுப்பாள்.

இந்தத் தலைமுறையின் மூத்த பிள்ளை அண்ணன். அவளைவிட மூன்று வயது பெரியவன். பதினோரு மணிக்கு, குளித்துப் பவுடர் போட்டு, மாடியிலிருந்து இறங்கி வருவான். கல்லாவுக்குப் பின்னால் அவனுக்கென்று ஒரு சுழல் நாற்காலி உண்டு. அதில் இடதும் வலதுமாகச் சுழன்றபடி செல்போன் பார்ப்பான். இதற்கு அவன் வைத்திருந்த பெயர் நிர்வாகம். கட்டரை அவன் கையில் கொடுத்தால் கோடு குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் நடை மாதிரி போகும். அதனால் கொடுப்பதில்லை. ஒரு துரும்பை நகர்த்தாத அந்த மனிதனுக்குத்தான் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, அப்பா கடையை எழுதிக் கொடுப்பதாக இருந்தது.

எழுதி வாங்கியதும் என்ன செய்வான் என்பதையும் அண்ணன் ஒளிக்கவில்லை. “இந்தத் தூசி, மரத்தூள், கண்ணாடித் துண்டு எல்லாம் எவனுக்கு வேணும்? எல்லாத்தையும் காலி பண்ணிட்டு ஒரு பெரிய செல்போன் கடைக்கு விட்டுடப் போறேன்.”

“நான்?” என்று அவள் கேட்டாள்.

“நீ வீட்ல ரெஸ்ட் எடு. எவ்வளவு நாள்தான் உழைப்பே?” என்றான். தங்கை மேல் அவ்வளவு கரிசனம்.

பட்டறையில் மரச்சட்டம் செய்யும் சித்தப்பாவுக்குப் போவதற்கு வேறு வீடும் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளாதவர், எண்பதை நெருங்கியவர். இன்னமும் நாலு மூலையும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேரும்படி சட்டம் செய்வார். பட்டறைக்குப் பின்னால் ஒரு கட்டில் போடும் அளவே உள்ள ஓர் அறையில் இருந்தார். செல்போன் கடை வந்தால் அந்த அறையில் பெட்டிகளை அடுக்குவார்கள்.

இந்த நிலைமையில்தான் நிர்வாகம் நேரில் ஒரு வேலைக்குப் போனது. புதிதாகக் கட்டிய விடுதி ஒன்றுக்கு நாற்பது குளியலறைக் கண்ணாடிகள், மரச்சட்டத்தோடு. சட்டங்களைச் சித்தப்பா செய்து அடுக்கிவிட்டார். கண்ணாடிக்கு அளவு எடுத்துத் தொழிற்சாலைக்குச் சொல்வதாக அண்ணன் அடம்பிடித்தான். கடை கைக்கு வரும் நேரத்தில் தானும் ஏதோ வெட்டி முறித்ததாகக் காட்ட வேண்டும் என்று ஆசை. நாற்பதும் ஓரம் தேய்த்து மெருகேற்றி வந்து இறங்கின. அப்பாவும் பார்க்க இறங்கி வந்தார். அவள் முதல் சட்டத்தை மேசையில் வைத்து, கண்ணாடியை மேலிருந்து பொருத்தினாள். கண்ணாடி சட்டத்தில் உட்காரவில்லை. நேராக அதன் வழியாகப் போய்க் கம்பளத்தில் படுத்துக்கொண்டது.

சட்டத்தின் உள்ளோரத்தில் கண்ணாடி உட்காருவதற்கு ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். காடி என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற திறப்பை அளந்து, நாலு பக்கமும் காடிக்காகக் கூட்டிச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை சொல்லித் தருவது இது. நாற்பத்தேழு வருடமாக இந்தக் கடைக்கு மேலேயே குடியிருப்பவன் தெரிகிற திறப்பை மட்டும் அளந்திருந்தான்.

“ஃபிரேமைக் கொஞ்சம் சின்னதாப் பண்ணிடலாமே?” என்றான் அண்ணன்.

“பண்ணிடலாம்பா” என்றார் சித்தப்பா. “அப்படியே அவங்க சுவரையும் கொஞ்சம் சின்னதாப் பண்ணச் சொல்லிடு.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. இரண்டாவது கண்ணாடியைத் தானே எடுத்து இன்னொரு சட்டத்தில் வைத்துப் பார்த்தார். அதுவும் சட்டத்தின் வழியாக விழுந்தது. மாடியேறிப் போனவர் மூன்று நாள் கீழே வரவில்லை.

நான்காம் நாள் வந்தார். ஏணி வைத்து, சுவரிலிருந்த மூன்று படங்களையும் தன் கையாலேயே கழற்றி அவள் மேசையில் வைத்தார்.

“உள்ளே பூஞ்சை பிடிச்சிருக்கு. பிரிச்சுத் துடைச்சுப் புதுக் கண்ணாடி போடு. நீயே பண்ணு. வேற யார் கையிலயும் கொடுக்காதே.”

அவளுக்கு ஆச்சரியம். இத்தனை வருடத்தில் அந்தப் படங்களை மேல்துணியால் துடைக்க மட்டும்தான் அனுமதி.

முதலில் கொள்ளுத்தாத்தா. பின்பக்கத்துத் தாளைக் கீறி, துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கி, பலகையை எடுத்தாள். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஓரத்தை மறைக்க வைக்கும் வெள்ளை மவுண்ட் அட்டை பழுத்துப் போயிருந்தது. அதைத் தூக்கியதும் புகைப்படம் பெரிதானது. நாற்காலியில் கொள்ளுத்தாத்தா. அவருக்கு இடப்பக்கம், இவ்வளவு காலமும் அட்டைக்குள் கிடந்த இன்னொரு மனிதர், நரை கண்ட மீசையோடு, நாற்காலி முதுகில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அவள் படத்தைத் திருப்பினாள். பென்சிலில் சின்ன எழுத்து. ‘நிற்பவர் அண்ணன். அமர்ந்திருப்பவர் தம்பி.’

மூத்தவருக்கு ஓர் அண்ணன்! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்ததை அவசர அவசரமாகப் பிரித்தாள். தாத்தாவின் பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, முகவாயை நிமிர்த்திக்கொண்டு, இடுப்புத் துணியில் கண்ணாடி கட்டரைச் செருகியபடி நின்றாள். பின்னால், வேறு கையெழுத்தில், ‘நிற்பது அக்கா.’ இப்படி ஓர் அக்கா இருந்ததைப் பற்றி இந்த வீட்டில் யாரும் மூச்சு விட்டதில்லை. வாய் கிழியப் பேசிய வழக்கத்தின் குட்டு இதுதானா என்று அவள் கைதட்டாத குறை.

மூன்றாவது படத்தின் அட்டையைத் தூக்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியில் இருபது வயது அப்பா. பக்கத்தில் நிற்பவனுக்கு இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. அந்தத் தழும்பைத் தினமும் பட்டறையில் பார்க்கிறாள். திருப்பினாள். அப்பாவின் கையெழுத்தேதான். ‘நிற்பவர் அண்ணன். வெளியூர் வேலையிலிருந்து திரும்பிய பிறகு எடுத்தது.’

அப்பா ஒரு கோழை என்று நினைத்தாள். உண்மையை வெளியில் சொல்லத் துப்பில்லை. சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் பென்சிலால் எழுதி, அதன் மேல் ஆணி அடித்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கிறார்.

“சித்தப்பா, கொஞ்சம் இங்க வாங்க.”

அவர் கையிலிருந்த பசையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“முடி நிறைய இருந்திருக்கு எனக்கு.”

“விளையாடாதீங்க. நீங்க அப்பாவுக்கு அண்ணனா?”

“இருந்தேன்” என்றார் சித்தப்பா.

பக்கத்திலிருந்த மரக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார். இருபத்து மூன்று வயதில் இரண்டு வருடம் வெளியூர் வேலைக்குப் போனார். அந்தச் சமயத்தில் தாத்தா படுத்த படுக்கையாகிவிட, கடையைத் தூக்கி நிறுத்தியது அப்பா. நன்றாகவே நடத்தினார். கடையை அவருக்கே கொடுத்துவிடத் தாத்தாவுக்கு ஆசை. ஆனால் மூத்தவனுக்குத்தானே கொடுக்க முடியும்?

“பெட்டியைத் தூக்கிட்டு வந்து கதவைத் தட்டினேன். எங்கம்மா திறந்தாங்க. ‘அண்ணன் உள்ளே சாப்பிட்டுட்டு இருக்கான், நீயும் கை கழுவிட்டு வா’ன்னாங்க. எந்த அண்ணன்னு எனக்குப் புரியல. பின்னாடி திரும்பிக்கூடப் பாத்தேன்.”

“நீங்க கேக்கலையா?”

“பசிம்மா. ரெண்டு நாள் ரயில்ல வந்திருக்கேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். எந்திரிக்கும்போது தம்பியா எந்திரிச்சேன்.”

“ஐம்பத்தஞ்சு வருஷமா உங்க தம்பியை அண்ணான்னு கூப்பிட்டுட்டு இருக்கீங்க!”

“முதல்ல நாக்கு மடங்கல. அப்புறம் பழகிடுச்சு. அவனுக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.” சட்டென்று நிறுத்தி, “அவருக்கும்” என்று திருத்திக்கொண்டார்.

அவள் மேசையை ஓங்கித் தட்டினாள். “நேரா ரெண்டாவது பிள்ளைக்குக் கொடுக்கறேன்னு சொல்லிட்டுக் கொடுத்திருக்கலாமே, சித்தப்பா! எவன் தடுத்தான்?”

“வழக்கத்தை மீற முடியாதும்மா” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்பித்தான் சொன்னார்.

“சித்தப்பா என்ன சித்தப்பா. நீங்க எனக்குப் பெரியப்பா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்க இல்ல? அத்தனை பேர் முன்னாடியும் அப்படித்தான் கூப்பிடப் போறேன்.”

“எதுக்கும்மா இப்போ அதெல்லாம்” என்று எழுந்து போனார். பட்டறை வாசலில் நின்று, “இந்த ஞாயிறு இல்லையே, அடுத்த ஞாயிறுதானே?” என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

அவள் மூன்று படங்களையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சாப்பாட்டு மேசையில் அப்பாவும், அவருடைய தங்கையான அத்தையும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் அத்தை. ஓய்வு பெற்ற பிறகு எல்லா வீட்டையும் வகுப்பறையாக்கிவிட்டாள். அண்ணன் கதவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். அவள் படங்களை மேசையில் பரப்பினாள். அவர்கள் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தாள்.

“பாத்துட்டியா? நல்லது. உட்காரு” என்றார் அப்பா.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூஞ்சையாவது ஒன்றாவது. அவள் பார்க்க வேண்டும் என்றுதான் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

“கடை உனக்குத்தான்” என்றார் அப்பா.

இருபத்திரண்டு வருடமாகக் காத்திருந்த வாக்கியம். அது காதில் விழுந்ததும், உட்காரக் கூடாது என்று நின்றவள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்துவிட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

“ஆனா அதுக்கு நீ அக்கா ஆகணும்” என்றாள் அத்தை. “இவன் தம்பி. கடை வழக்கம்போல மூத்ததுக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம்.”

“பொம்பளைப் பிள்ளை கணக்குல வராதுன்னு சொல்லுவீங்களே, அத்தை?”

“காலம் மாறிப்போச்சு. நாமளும் மாற வேண்டாமா?”

“தெருவுக்கே தெரியும், இவன் எனக்கு மூணு வயசு மூத்தவன்னு.”

“தெரிஞ்சவங்கள்ல பாதிப் பேர் பத்து வருஷத்துல இருக்க மாட்டாங்க. இருபது வருஷத்துல உனக்கே மறந்துடும். உங்கம்மா வாழ வந்து சாகிற வரைக்கும் இதைத் தெரிஞ்சுக்கல. எனக்கே இந்தப் படத்தைப் பாத்தாத்தான் ஞாபகம் வருது” என்று அத்தை புருவத் தழும்பின் மேல் விரலை வைத்தாள்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். “இது உங்க கடை. யாருக்கு வேணாலும் எழுதலாம். ரெண்டாவது பிள்ளைக்குக் கொடுக்கறேன்னு சொல்ல வாய் வரலையா?”

“அப்படிக் கொடுத்தா வழக்கம் போயிடும்.”

“எங்க இருக்குப்பா வழக்கம்? மூணு தலைமுறையா இந்தச் சுவர்ல இருக்கிறவங்கள்ல ஒருத்தர்கூட மூத்தவர் இல்ல!”

“இருந்தாலும் ஒருத்தர்கூட வழக்கத்தை மீறல” என்றார் அப்பா. அதில் அவருக்குப் பெருமை வேறு.

இவ்வளவு வயதான மனிதர்கள், நன்றாகப் படித்தவர்கள், பிள்ளைகளின் வயதை மாற்றுவார்கள், கூடப் பிறந்தவனை மாற்றுவார்கள், பெற்ற தாயைக்கொண்டே பொய் சொல்ல வைப்பார்கள். யாரோ எப்போதோ சொல்லி வைத்த ஒரு வரியை மட்டும் மாற்றமாட்டார்கள். இந்த மேசையில் உட்கார்ந்து வளர்ந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“நீ என்ன சொல்றே?” என்று அண்ணனைக் கேட்டாள். அவனாவது ரோஷப்படுவான் என்று ஒரு நப்பாசை.

“எனக்கு ஒண்ணும் இல்லப்பா. அந்த விடுதிக்காரன் போன் பண்ணித் திட்டுறான், இனிமே அதெல்லாம் நீயே பேசிக்கோ. ரோட்டுப் பக்கம் ஜன்னல் வச்ச ரூம் எனக்கு. காலையில யாரும் எழுப்பக் கூடாது.” பல்குச்சியை எறிந்துவிட்டு இளித்தான். “என்ன அக்கா, சரிதானே?”

நாற்பத்தேழு வயது ஆண்பிள்ளை. மூத்தவன் என்பதைத் தவிர வேறு ஒன்றுமே இல்லாதவன். அதையும் ஒரு ஜன்னலுக்காகக் கழற்றி எறிந்துவிட்டான்.

“சித்தப்பா விஷயம்?” என்றாள். “அவரை ஒரே ஒரு தடவை அண்ணான்னு கூப்பிடுங்கப்பா. நீங்க கூப்பிடலைன்னா நான் பெரியப்பான்னு கூப்பிடுவேன். எல்லார் முன்னாடியும்.”

அப்பா எழுந்து உள்ளே போனார். அத்தை குரலைத் தாழ்த்தினாள். “யோசிச்சுப் பேசு. உங்கப்பா தம்பின்னு ஆச்சுன்னா கடை அவரோடதே இல்ல. அவரோடது இல்லாததை உனக்கு எப்படி எழுதிக் கொடுப்பார்? இந்தப் பேச்சு வெளியில வந்தா உங்கப்பா பேனாவையே தொட மாட்டார். சொல்லிட்டேன். அவர் காலத்துக்கு அப்புறம் வழக்கப்படி எல்லாம் இவனுக்குத்தான். செல்போன் கடைதான்.”

அவள் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் அது போதும். மறுநாளிலிருந்தே அத்தை “மூத்தவளே” என்று மாடியிலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள். முதல் நாள் அவள் திரும்பவில்லை. இரண்டாம் நாள் திரும்பிப் பார்த்து முறைத்தாள். மூன்றாம் நாள் கையில் வேலை இருந்தது, “என்னத்தை?” என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு கட்டரைக் கீழே வைத்துவிட்டாள்.

இருந்தாலும் பெரியப்பா என்று கூப்பிடும் எண்ணத்தை அவள் விடவில்லை. மேசையில் குனிந்து கோடு இழுக்கும்போது அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். ஒரு சொல்தானே, சொன்னால் தலையா போய்விடும் என்று தைரியம் சொல்லிக்கொள்வாள். கையெழுத்து ஆன பிறகு சொல்லலாம் என்றும் தோன்றும். அது அப்பாவை ஏமாற்றுவது ஆகாதா என்று தோன்றும். இத்தனை பேர் ஏமாற்றும்போது தனக்கென்ன வந்தது என்றும் தோன்றும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, சொந்தக்காரர்கள் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அண்ணன் யார், தங்கை யார் என்று நன்றாகவே தெரியும். ஒருவரும் புருவத்தைக்கூடத் தூக்கவில்லை. “மூத்தவளுக்குப் போறதுதான் முறை” என்று ஒரு மாமா மேடைப்பேச்சு மாதிரி சொன்னார். அண்ணன் பிறந்தபோது மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிப்போனவர் அவர்.

வக்கீலுக்கு அடுத்த வேலைக்குப் போகிற அவசரம். “எனக்கு மூத்தவங்க, இளையவங்க எல்லாம் வேண்டாங்க. யாரு கொடுக்கறாங்க, யாருக்குக் கொடுக்கறாங்க, எதைக் கொடுக்கறாங்க, அவ்வளவுதான் சட்டத்துக்கு வேணும்” என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. ‘என் மூத்த பிள்ளைக்கு’ என்று பத்திரத்தில் அடித்தே ஆகவேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்து அடிக்க வைத்திருந்தார்.

“சாட்சி ரெண்டு பேர் விவரம் முதல்ல எழுதிடலாம். அப்புறம் வரிசையா கையெழுத்து” என்றார் வக்கீல். ஒரு சாட்சி அண்ணன். தன் மேல் அநியாயம் நடக்கவில்லை என்பதற்கு அவனே சாட்சி. இன்னொரு சாட்சியாகச் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள்.

அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையை அவள் முன்பு பார்த்ததே இல்லை. இருக்கிற நாலு முடியையும் படிய வாரியிருந்தார். நகத்தில் ஒட்டியிருக்கும் பசையைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தார்.

“நீங்க இவருக்கு என்ன உறவு?” வக்கீல் பேனாவை அப்பா பக்கம் காட்டிக் கேட்டார்.

சித்தப்பா தலையைத் திருப்பினார். அவளைப் பார்த்தார். கெஞ்சலும் இல்லை, கட்டாயமும் இல்லை. சொன்னாயே, சொல்கிறாயா என்று மட்டும் பார்த்தார். அப்பாவின் பேனா இன்னும் மூடியோடு மேசையில் கிடந்தது. அப்பா அதன் மேல் கையை வைத்து, மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கண்ணாடித் தகடுகள் மரத்தடுப்புகளில் செங்குத்தாக நின்றன. கம்பளம் தேய்ந்த வெட்டுமேசை, மண்ணெண்ணெய்க் கிண்ணம், அவள் கைக்கென்றே வளைந்துபோன கட்டர். சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. பத்து நாளாகப் பழகிய சொல்.

“என்ன உறவுங்க?” என்றார் வக்கீல் மறுபடியும்.

“தம்பி” என்றாள் அவள். “அப்பாவோட தம்பி. எங்க சித்தப்பா.”

வக்கீல் எழுதிக்கொண்டார். அப்பா பேனா மூடியைத் திறந்தார். அவருக்குப் பின் சித்தப்பா குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டார். நிமிரும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழைய பனியனோடு வந்து எல்லோருக்கும் சாப்பிட வசதியாக நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்.

புகைப்படக்காரர் அவளை அந்த மூன்று படங்களிலும் இருந்த பழைய நாற்காலியில் உட்கார வைத்தார். அண்ணனைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

“அக்கா, கொஞ்சம் சிரி” என்றான் அண்ணன்.

“நீ முதல்ல நேரா நில்லுடா” என்றாள். அந்த ‘டா’ எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூட்டம் சிரித்தது. அக்கா, தம்பி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள் அத்தை.

படம் ஒரு வாரத்தில் வந்தது. சித்தப்பா சட்டம் செய்து முடித்திருந்தார். அவர் செய்ததிலேயே நேர்த்தியான சட்டம் அது. மவுண்ட் அட்டையையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

“இந்தப் பக்கம் எவ்வளவு மறைக்கணும்?”

படத்தில் அண்ணன் நாற்காலி முதுகில் கை வைத்து இளித்துக்கொண்டிருந்தான். அவள் உலகத்தில் உட்காரத் தெரிந்த ஒரே பிறவி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“நீங்களே பாத்து வெட்டுங்க, சித்தப்பா.”

அவர் தலையாட்டிவிட்டு அட்டையோடு பட்டறைக்குள் போனார். அவர் வெட்டிக்கொண்டு வரும்வரை அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. படத்தைத் திருப்பிப் போட்டாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, ‘நிற்பவர் அண்ணன்’ என்று சின்ன எழுத்தில் எழுதினாள்.

அட்டை வந்தது. மேலே வைத்து, பலகையைச் சேர்த்து, நாலு பக்கமும் ஆணி அடித்து, தாள் ஒட்டினாள். பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள்.